தி ஒன் ரிங்: டோல்கீன் உலகத்தில் முதல் பயணத்தை நடத்த ஒரு முழு வழிகாட்டி

என்னிடம் இருக்கும் பழைய கேரக்டர் ஷீட் (பாத்திரத்தின் விவரங்களை எழுதும் தாள்) ஒன்றில் ஒரே ஒரு கட்டம் மட்டும் அழித்து அழித்துத் தாள் மெலிந்து, பின்பக்க எழுத்து தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. ஹோப் என்று அச்சடித்த கட்டம் அது. ஓர் அமர்வில் ஐந்தாறு தடவை அந்த எண் இறங்கும், மெதுவாக ஏறும். நான் ஆடிய மற்ற ரோல்பிளேயிங் விளையாட்டுகளில் இப்படித் தேய்ந்துபோவது உயிர்ப்புள்ளிக் கட்டம். தி ஒன் ரிங்கில் நம்பிக்கைதான் தேய்கிறது. யாருக்காவது இந்த விளையாட்டை அறிமுகப்படுத்தும்போது நான் முதலில் எடுத்துக் காட்டுவது அந்தத் தாளைத்தான்.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. நான்கைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுகிறார்கள், முடிவெடுக்கிறார்கள். "பாலத்தைத் தாண்டாமல் ஆற்றோரமாகவே நடக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் கதையும் ஆற்றோரமாகப் போகும். என்ன நடக்கும் என்று நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருட்டுவார்கள். ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் கிடையாது. கதை நடத்துபவருக்கு இந்த விளையாட்டில் லோர்மாஸ்டர் என்று பெயர். இந்த வழிகாட்டி முக்கியமாக அவருக்கு, அதாவது நண்பர்களைக் கூட்டி ஒரு தடவை நடத்திப் பார்க்கலாம் என்று நினைக்கிறவருக்கு.

முதலில் எந்தப் புத்தகம்

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் கதைகளை வைத்து ரோல்பிளேயிங் விளையாட்டு வருவது இது முதல்முறை இல்லை. 1984-இல் அயர்ன் கிரௌன் நிறுவனம் ஒன்று வெளியிட்டது. 2002-இல் டெசிஃபர் இன்னொன்று கொண்டுவந்தது. தி ஒன் ரிங் 2011-இல் வந்தது. வடிவமைத்தவர் ஃபிரான்செஸ்கோ நெபிடெல்லோ, கூட மார்கோ மாஜி. மோதிரப் போரை வைத்து 2004-இல் வந்த புகழ்பெற்ற பலகை விளையாட்டிலும் இந்த இருவரின் கை உண்டு. முதல் பதிப்பை வெளியிட்டது க்யூபிகிள் 7. அப்புறம் உரிமம் ஸ்வீடனின் ஃப்ரீ லீக் நிறுவனத்துக்குப் போய், 2022-இல் இரண்டாம் பதிப்பு வந்தது. நான் இங்கே சொல்வதெல்லாம் அந்த இரண்டாம் பதிப்பை வைத்துத்தான். முதல் பதிப்பின் விதிகள் பல இடங்களில் வேறு மாதிரி இருக்கும், இரண்டையும் கலக்காதீர்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே நிறுவனம் 2023-இல் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் ரோல்பிளேயிங்' என்று இன்னொரு புத்தகமும் போட்டிருக்கிறது. அதே உலகம், அதே மாதிரி ஓவியங்கள். ஆனால் அது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பிரபல ரோல்பிளேயிங் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளில் ஓடுவது. அந்த விதிகள் ஏற்கெனவே கைவந்த குழுவுக்கு அது சௌகரியம். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என் யோசனை தி ஒன் ரிங்தான். காரணம் போகப் போகத் தெரியும்.

ஸ்டார்ட்டர் செட் என்று ஒரு பெட்டி கிடைக்கிறது. அதில் சுருக்கமான விதிப் புத்தகம், ஹாபிட்கள் என்ற குட்டையான மக்களின் நாடான ஷயரைப் பற்றிய புத்தகம், வரைபடம், பகடைகள், தயார் நிலையில் ஹாபிட் பாத்திரங்கள் எல்லாம் உண்டு. நாவலின் நாயகன் ஃப்ரோடோ பிறப்பதற்கு முன்னால், அவன் அப்பா டிரோகோவும் அம்மா பிரிமுலாவும் இளைஞர்களாக ஊர் சுற்றிய காலத்தில் அவர்களாகவே நீங்கள் ஆடலாம். பிள்ளைகள், வயதானவர்கள் கலந்த குழு என்றால் பெட்டியே போதும். நீண்ட கதை நடத்த ஆசை என்றால் மூல விதிப்புத்தகம் வாங்குங்கள். கூட ஆட ஆள் இல்லையென்றால் ஸ்ட்ரைடர் மோட் என்ற சிறு தொகுப்பு தனியாளாக ஆடும் விதிகளைத் தருகிறது.

சிறப்புப் பகடை இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். பன்னிரண்டு முகப் பகடை இரண்டு, சாதாரண ஆறு முகப் பகடை ஆறு இருந்தால் போதும்.

கதை நடக்கும் காலம்

ஆண்டு மூன்றாம் யுகம் 2965. இந்த எண்ணை லோர்மாஸ்டர் மனதில் நன்றாக ஏற்றிக்கொள்ள வேண்டும். 2941-இல் ஸ்மாக் டிராகன் செத்தது, ஐந்து படைகளின் போர் முடிந்தது, அடுத்த வருடம் ஹாபிட் பில்போ மோதிரத்தோடு வீடு திரும்பினார். 2951-இல், அந்த மோதிரத்தைச் செய்த இருளரசன் சௌரான் மோர்டோரில் தன்னை வெளிப்படையாக அறிவித்துக்கொண்டான். ஃப்ரோடோ 2968-இல்தான் பிறப்பான். அதாவது நம் கதை 'தி ஹாபிட்', 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற இரண்டு நாவல்களுக்கும் நடுவிலே கிடக்கும் நீண்ட இடைவெளியில் நடக்கிறது. பில்போ தன் பேக் எண்ட் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார், அவர் பையில் என்ன இருக்கிறது என்று உலகத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது.

இதனால் ஒரு பெரிய விடுதலை கிடைக்கிறது. நாவலின் நாயகர்கள் மேடையை அடைத்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். உங்கள் பாத்திரங்கள் செய்வதற்கு வேலை நிறைய இருக்கிறது, அதே சமயம் மோதிரத்தின் கதையை யாரும் கெடுக்கவும் முடியாது.

இடம் எரியாடோர். ஷயர், பிரீ, ரிவண்டெல் எல்லாம் இருக்கும் வடமேற்குப் பகுதி. ஒரு காலத்தில் ஆர்னோர் என்ற பேரரசு இருந்த நிலம். அது 861-இல் மூன்றாக உடைந்தது, கடைசித் துண்டும் 1974-இல் விழுந்தது. ஆயிரம் வருடமாக ஆளில்லாத சாலைகள், இடிந்த கோபுரங்கள், புல் மூடிய கல்லறை மேடுகள். விவரணைக்கு வார்த்தை வராமல் தடுமாறும்போது நான் ஒரு உடைந்த சுவரைக் காட்டி, அதை யார் கட்டியிருப்பார்கள் என்று ஆட்டக்காரர்களையே கேட்பேன். எரியாடோரில் அந்தக் கேள்விக்கு எப்போதும் துக்கமான ஒரு பதில் உண்டு.

பகடையை ஒரு தடவை உருட்டிப் பார்ப்போம்

விதியின் மையம் சின்னது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று அடிப்படைக் குணங்கள்: வலிமை, நெஞ்சம், அறிவு. 20-இலிருந்து அந்தக் குணத்தின் எண்ணைக் கழித்தால் வருவது இலக்கு எண். அறிவு 5 என்றால் இலக்கு 15. மொத்தம் 18 திறன்கள், ஒவ்வொரு குணத்துக்கும் கீழே ஆறு. பதுங்கிப் போவது அறிவின் கீழ், பாட்டு வலிமையின் கீழ், மரியாதையாகப் பேசுவது நெஞ்சத்தின் கீழ்.

உருட்டும்போது பன்னிரண்டு முகப் பகடை ஒன்று கட்டாயம். திறன் எத்தனை நிலையோ அத்தனை ஆறு முகப் பகடை கூடச் சேரும். கூட்டுத்தொகை இலக்கைத் தொட்டால் வெற்றி. ஆறு விழுந்த ஒவ்வொரு பகடையும் அந்த வெற்றியை இன்னும் சிறப்பாக்கும்.

பன்னிரண்டு முகப் பகடையில் 1 முதல் 10 வரை எண்கள். மீதி இரண்டு முகங்களில் ஒன்று மந்திரவாதி காண்டால்ஃபின் எழுத்து, அது விழுந்தால் கூட்டிப் பார்க்கவே வேண்டாம், வெற்றி. இன்னொன்று சௌரானின் கண், அது பூஜ்யம். சாதாரணப் பகடை வைத்திருந்தால் 12-ஐ காண்டால்ஃபாகவும் 11-ஐ கண்ணாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். எதிரிகள் உருட்டும்போது இது தலைகீழ்: கண் அவர்களுக்கு வெற்றி, காண்டால்ஃப் எழுத்து பூஜ்யம்.

ஒரு ஹாபிட் பெண் காவலாளியைத் தாண்டிப் பதுங்கிப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 15, பதுங்கும் திறன் 3. பெரிய பகடையில் 5 விழுந்தது, சின்னவற்றில் 6, 2, 3. மொத்தம் 16. வெற்றி, அதிலும் ஒரு ஆறு இருப்பதால் நல்ல வெற்றி: சத்தமில்லாமல் போனதோடு காவலாளியின் இடுப்புச் சாவியும் கையில்.

இப்போது அதே பெண் நான்கு நாள் மழையில் நடந்து களைத்திருக்கிறாள். களைத்தவருக்கு ஆறு முகப் பகடையில் 1, 2, 3 எல்லாம் பூஜ்யம். அதே பகடைகள், அதே எண்கள். மொத்தம் 11. காவலாளி திரும்பிப் பார்க்கிறான்.

முதல் அமர்வில் வேறு எதையும் விளக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்த இரண்டு உருட்டலையும் மேஜையில் காட்டிவிடுங்கள். களைப்பு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எல்லோருக்கும் புரிந்துவிடும்.

பாத்திரம் உருவாக்குவது

மூல விதிப்புத்தகத்தில் ஆறு மக்கள் கூட்டங்கள் இருக்கின்றன: டேல் நகரத்து பார்டிங்குகள், டூரின் வழிவந்த குள்ளர்கள், லிண்டனின் எல்ஃப்கள், ஷயரின் ஹாபிட்கள், பிரீ ஊர்க்காரர்கள், வடக்கில் திரிந்து காவல் காக்கும் ரேஞ்சர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறவிக் கொடை உண்டு. குள்ளர்களுக்குக் கவசத்தின் பாரம் பாதிதான். பிரீக்காரர் ஒருவர் குழுவில் இருந்தால் எல்லோருக்கும் பொதுவான தோழமைப் புள்ளி ஒன்று கூடும், பல ஜனங்களோடு பழகி வளர்ந்த ஊர் அல்லவா.

எண்கள் எப்படி வருகின்றன என்று ஒரு ஹாபிட்டை வைத்துக் காட்டுகிறேன். வலிமை 3, நெஞ்சம் 6, அறிவு 5. தாக்குப்பிடிக்கும் சக்தி வலிமையோடு 18 கூட்டினால் 21. நம்பிக்கை நெஞ்சத்தோடு 10 கூட்டினால் 16. தற்காப்பு அறிவோடு 12 கூட்டினால் 17. ஒரு ரேஞ்சரின் நம்பிக்கைக்கு நெஞ்சத்தோடு 6-தான் கூட்டலாம். வாள் பிடிப்பதில் ரேஞ்சரிடம் ஹாபிட் நெருங்க முடியாது, ஆனால் இருட்டில் கடைசி வரை நடப்பது யார் என்று எண்களே சொல்லிவிடுகின்றன. டோல்கீனை ஆழமாகப் படித்த இருவர் விதி எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான்.

மக்கள் கூட்டத்துக்கு அப்புறம் அழைப்பு. படைத்தலைவர், வீரர், தூதர், அறிஞர், புதையல் தேடி, காவலர் என்று ஆறு. ஏன் இந்த ஆள் வீட்டை விட்டுக் கிளம்பினார் என்பதற்கான பதில் அது. ஒவ்வொரு அழைப்புக்கும் அடியிலே ஒரு வீழ்ச்சியின் பாதையும் இருக்கிறது. புதையல் தேடிக்கு டிராகன் நோய், படைத்தலைவருக்கு அதிகார மோகம், அறிஞருக்கு ரகசியங்களின் மேல் வெறி. இதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். தான் எப்படிக் கெட்டுப்போகக்கூடும் என்று தெரிந்துகொண்டு ஆடும்போது பாத்திரத்துக்கு ஆழம் வருகிறது.

குழுவுக்கு ஒரு புரவலரும் வேண்டும். காண்டால்ஃப், பில்போ, பாலின், கிர்டான், கில்ரயன், டாம் பாம்படிலும் கோல்ட்பெரியும் என்று புத்தகம் பட்டியல் தருகிறது. முதல் முறைக்கு பில்போவை எடுங்கள். காண்டால்ஃப் வந்தால் அவரே எல்லாவற்றையும் தீர்த்துவிடுவார் என்று ஆட்டக்காரர்கள் காத்திருப்பார்கள். பில்போ வரைபடம் காட்டுவார், கேக் கொடுப்பார், வாசல் வரை வந்து வழியனுப்புவார். நடக்க வேண்டியது இவர்கள்தான்.

சுமையைக் கணக்கு வைப்பது

இந்தப் பகுதியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், அதனாலேயே விளையாட்டு அவர்களிடம் உயிர் பெறுவதில்லை.

சங்கிலிச் சட்டை 9, தலைக்கவசம் 4, கேடயம் 4, வாள் 2. மொத்தம் 19. அந்த வீரரின் தாக்குப்பிடிக்கும் சக்தி 25 என்று வையுங்கள். ஆறு புள்ளி குறைந்தாலே சக்தி சுமையின் அளவுக்கு இறங்கிவிடும், அந்த நொடியிலிருந்து அவர் களைத்தவர். வழியில் சேரும் அயர்ச்சியும் சுமையோடு கூடும். கண்டெடுத்த புதையலும் சுமைதான். கதாநாயகனைப் போல முழுக் கவசத்தோடு கிளம்பியவர் மூன்றாம் நாள் மேட்டில் மூச்சுவாங்குவதும், தோல் சட்டையும் குட்டை வாளுமாக வந்த ஹாபிட் முன்னால் நடப்பதும் அந்தக் கணக்கிலிருந்து தானாகவே வரும். சண்டைக்கு நடுவில் கேடயத்தைப் போட்டுவிடலாம், தலைக்கவசத்தைக் கழற்றி எறியலாம். எங்கள் மேஜையில் ஒருவர் தன் அப்பா கொடுத்ததாக எழுதியிருந்த தலைக்கவசத்தை ஒரு சதுப்பு நிலத்தில் விட்டுவிட்டு வந்தார். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை.

நம்பிக்கையும் நிழலும்

இதுதான் விளையாட்டின் இதயம், கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

உருட்டுவதற்கு முன்னால் ஒரு நம்பிக்கைப் புள்ளியைச் செலவழித்தால் ஒரு பகடை கூடுதலாகக் கிடைக்கும். பாத்திரத்தின் தனிக்குணம் ஒன்று அந்தச் சூழலுக்குப் பொருந்தினால் இரண்டு பகடை. அதைவிட முக்கியமானது, தோழருக்காகவும் செலவழிக்கலாம். "அவன் கையைப் பிடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லி உங்கள் நம்பிக்கையைக் குறைத்துக்கொண்டு அவனுக்குப் பகடை கொடுக்கலாம். ஒவ்வொருவரும் குழுவில் ஒருவரைத் தன் நெருங்கிய துணையாகத் தேர்ந்தெடுப்பது உண்டு, அவருக்கு உதவினால் இரண்டு பகடை. யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை எல்லோர் முன்னாலும் சொல்லச் சொல்லுங்கள். காரணத்தோடு.

நம்பிக்கை சுலபமாகத் திரும்பி வராது. குழுவின் பொதுவான தோழமைப் புள்ளிகளிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம், அதுவும் பகிர்ந்து பேசித்தான். நன்றாக மீள்வது ஒரு பாதுகாப்பான ஊரில் தங்கும்போது.

மறுபக்கம் நிழல் ஏறிக்கொண்டே போகும். நான்கு வழிகளில் அது வரும்: பயங்கரமானதைப் பார்ப்பது, பேராசை, மந்திர வசியம், தானே செய்யும் பாவம். முதல் மூன்றையும் மனத்திடத்தாலோ ஞானத்தாலோ எதிர்த்து உருட்டலாம். நான்காவதற்குத் தப்பே இல்லை. கைதியைக் கொன்றால், நல்லவரிடமிருந்து திருடினால், நிழல் விழுந்தே தீரும். அதனால் லோர்மாஸ்டர் ஒன்று செய்ய வேண்டும்: ஆட்டக்காரர் அப்படி ஏதாவது சொல்லும்போது, "இது நிழலைக் கொண்டுவரும், செய்கிறாயா?" என்று முதலில் கேளுங்கள். தெரியாமல் விழுவதில் கதை இல்லை.

மிச்சமிருக்கும் நம்பிக்கை நிழலின் அளவுக்கோ அதற்குக் கீழோ இறங்கினால் பாத்திரம் மனமுடைந்தவர். அந்த நிலையில் கண் விழுந்தால் உருட்டல் நேரடியாகத் தோல்வி. நிழல் இன்னும் ஏறி, நம்பிக்கையின் உச்ச அளவையே தொட்டுவிட்டால் ஒருநாள் புத்தி பிசகும். அந்தப் பிசகல் அடங்கும்போது ஒரு நிரந்தரக் குறை தங்கிவிடும். புதையல் தேடி படிப்படியாகப் பேராசைக்காரர், சந்தேகக்காரர், வஞ்சகர், திருடர் ஆகிறார். நான்கும் நிறைந்தபின் மறுபடி புத்தி பிசகினால் அவர் இனி நாயகர் இல்லை, கதையிலிருந்து விலக வேண்டியதுதான்.

இந்த உலகில் தீமை வெளியிலிருந்து வாளோடு வருவது குறைவு. அது நல்ல ஆளுக்குள் மெதுவாக வளர்கிறது. அதை எண்ணாக்கி, ஒவ்வொருவரின் தாளிலும் கண்முன்னால் வைத்திருப்பதற்காகத்தான் நான் இந்த விளையாட்டை மற்றவற்றுக்கு மேலாக வைக்கிறேன்.

பயணம் நடத்துவது

நான் முதன்முதலில் நடத்தியபோது, "ஒரு வாரம் நடந்து வெதர்டாப் மலைக்கு வந்துவிட்டீர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். சண்டைக்குச் சீக்கிரம் போகலாம் என்ற அவசரம். அன்றைய ஆட்டம் சப்பென்று இருந்தது. சுமை ஏறவில்லை, யாரும் களைக்கவில்லை, நம்பிக்கையைத் தொடத் தேவையே வரவில்லை. ஒரு சக்கரத்தை எடுத்துவிட்டு வண்டி ஓட்டிய மாதிரி. அதனால் பயணத்தை மட்டும் விடாதீர்கள்.

நான்கு பொறுப்புகளைப் பிரித்துக் கொடுங்கள். வழிகாட்டி, வேட்டைக்காரர், காவல் பார்ப்பவர், முன்னால் போய் உளவு பார்ப்பவர். வழிகாட்டி பயணத் திறனை உருட்டுவார். வென்றால் வரைபடத்தில் மூன்று கட்டம், ஒவ்வொரு ஆறுக்கும் இன்னொரு கட்டம். தோற்றால் வசந்தத்திலும் கோடையிலும் இரண்டு கட்டம், இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் ஒன்றே ஒன்று. போய் நிற்கும் கட்டத்தில் ஒரு சம்பவம் நடக்கும். ஆறு முகப் பகடை யாருக்கு என்று சொல்லும்: 1, 2 வந்தால் உளவாளி; 3, 4 காவல்; 5, 6 வேட்டை. பன்னிரண்டு முகப் பகடை என்ன மாதிரிச் சம்பவம் என்று சொல்லும். ஊர்ப்புறத்தை ஒட்டிய நிலத்தில் இரண்டு உருட்டி நல்லதை எடுப்பார்கள், இருண்ட நிலத்தில் இரண்டு உருட்டி மோசமானதை. கண் விழுந்தால் பெருந்துயரம், காண்டால்ஃப் விழுந்தால் மனம் நிறையும் காட்சி, நடுவில் தடங்கல், குறுக்குவழி, எதிர்பாராத சந்திப்பு.

புத்தகம் கொடுப்பது 'தடங்கல்' என்ற சொல்லை மட்டும். அதற்கு உடம்பு கொடுப்பது நீங்கள். காவலுக்குத் தடங்கல் விழுந்தது, நிலம் பிரீக்குக் கிழக்கே சதுப்பு. சரி, ராத்திரி நீர்மட்டம் ஏறிப் போர்வையெல்லாம் நனைந்துவிட்டது, காவலில் இருந்தவர் பூச்சிகளை விரட்டிக்கொண்டு தண்ணீரைக் கவனிக்கவில்லை. விழிப்புணர்வை உருட்டச் சொல்லுங்கள். தோற்றால் ஒரு நாள் தாமதம், கூடுதல் அயர்ச்சி. வென்றாலும் தோற்றாலும் எல்லோருக்கும் அந்தச் சம்பவத்தின் அயர்ச்சி சேரும். அப்புறம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்றிரவு யார் யாருக்குத் தன் உலர்ந்த போர்வையைக் கொடுக்கிறார்கள்?" விதியில் இல்லாத கேள்விதான். ஆனால் அன்றைய ஆட்டத்தின் சிறந்த பத்து நிமிடம் அதிலிருந்து வரும்.

சபையும் சண்டையும்

முக்கியமானவரிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்குச் சபை விதி இருக்கிறது. கோரிக்கை நியாயமானது என்றால் எதிர்ப்பு, அதாவது சேர்க்க வேண்டிய வெற்றிகள், 3, துணிச்சலானது என்றால் 6, அத்துமீறியது என்றால் 9. முதலில் அறிமுகம், அது எப்படிப் போகிறதோ அதைப் பொறுத்து எத்தனை முயற்சி கிடைக்கும் என்று முடிவாகும். எல்லோரும் ஆளுக்கொரு திறனால் முயலலாம், பாட்டு பாடியும் கூட. தமிழில் ஆடுவதால் கிடைக்கும் ஒரு வசதி இங்கே உதவும்: நீ, நீங்கள். ஒரு எல்ஃப் பிரபு ஹாபிட்டை "நீ" என்று ஆரம்பித்து, சபையின் முடிவில் "நீங்கள்" என்று மாறினால் வேறு விளக்கமே தேவையில்லை.

சண்டையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு சுற்றிலும் நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: முன்னேறி, இயல்பாக, தற்காத்து, பின்னால் நின்று. முன்னேறியவருக்கு ஒரு பகடை கூடும், அவரைத் தாக்குபவருக்கும் ஒன்று கூடும். தற்காப்பவருக்கு இரண்டும் குறையும். பின்னால் நிற்பவர் அம்பு போன்றவற்றை மட்டும் எய்யலாம். தாக்கும்போது பெரிய பகடையில் 10 அல்லது சிறப்பு வெற்றி முகம் விழுந்தால் அடி கவசத்தைத் துளைக்கப் பார்க்கும், அடிபட்டவர் கவசப் பகடையை உருட்டித் தப்ப வேண்டும். தவறினால் காயம். ஏற்கெனவே காயம் உள்ளவருக்கு இன்னொன்று பட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் முதல் அமர்வில் எதிரிகளின் எண்ணிக்கை ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. ஓடிப்போவதும் ஒரு நல்ல முடிவு என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சௌரானின் கவனம் குழுவின் மேல் திரும்புவதைக் கணக்கிடும் விதி ஒன்றும் இருக்கிறது. அருமையான விதி, ஆனால் முதல் அமர்வில் வேண்டாம். மூன்றாவதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் அமர்வுக்கு ஒரு கதை

இரண்டு பக்கத்துக்கு மேல் தயார் செய்யாதீர்கள். நான் புதியவர்களுக்கு நடத்துவது இது, எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரீயில், பிரான்சிங் போனி விடுதியில் ஆரம்பம். இலையுதிர் காலம். கிழக்குச் சாலையில் போன ஒரு குள்ள வியாபாரி இரண்டு வாரமாகத் திரும்பவில்லை. பில்போவுக்கு அவர் பழைய சிநேகிதர், போய்ப் பார்த்து வரச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருக்கிறார். விடுதியில் விசாரிப்பது முதல் அரை மணி நேரம். அங்கே மழைக்கு ஒதுங்கியவர்களிடம் பேச்சுக் கொடுக்க ஒவ்வொருவருக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள், எல்லோரும் ஒரு தடவை பகடை தொட்டிருப்பார்கள்.

அப்புறம் பயணம். ஒரு நாள் நடையில் ஃபர்சேக்கன் இன் என்ற விடுதி, அதற்கு அப்பால் ஊரே கிடையாது. வெதர்டாப் வரை இரண்டு, மூன்று சம்பவம் போதும். நாவலில் ஃப்ரோடோ குழு சாலையை விட்டு விலகி, சதுப்பு வழியாக செப்டம்பர் 30-இல் கிளம்பி அக்டோபர் 6-இல் அங்கே போய்ச் சேர்ந்தது, அதை மனதில் வைத்துக்கொண்டால் தூரம் பிடிபடும்.

குள்ளர் உயிரோடுதான் இருக்கிறார். மலையடிவாரத்தில் ஒரு பழைய காவல் மாடத்தின் இடிபாடுகளுக்குள், ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே பழைய அரசின் வெள்ளிக் கிண்ணங்கள். தண்ணீர் தீர்ந்துவிட்டது, உதடு வெடித்திருக்கிறது, ஆனாலும் எழுந்து வர மாட்டேன் என்கிறார். திருட வந்தவர்கள் என்று உங்களையே சந்தேகப்படுகிறார். இது சபை, எதிர்ப்பு 6. பெட்டியைத் திறந்து பார்க்கிறவர் ஒவ்வொருவரும் பேராசையை எதிர்த்து உருட்ட வேண்டும். ராத்திரி ஓர்க் என்ற அரக்கர்கள் சிலர் புகை வாசம் பிடித்து வருகிறார்கள். சண்டை முடிந்ததும் உண்மையான கேள்வி வருகிறது: குள்ளரால் நடக்க முடியாது. அவரைத் தூக்குவதா, பெட்டியைத் தூக்குவதா?

இரண்டும் சுமைதான். தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீடு திரும்பியதும்

சாகசம் முடிந்தால் ஃபெலோஷிப் கட்டம், அதாவது பாத்திரங்கள் ஓய்வெடுத்துத் தேறும் பகுதி. இதை அடுத்த அமர்வுக்குத் தள்ளாமல், களைப்பாக இருந்தாலும் அன்றே கால் மணி நேரம் ஒதுக்குங்கள். நெஞ்சத்தின் அளவுக்கு நம்பிக்கை திரும்பும், சேர்ந்த புள்ளிகளால் திறன்கள் வளரும். ஒவ்வொருவரும் எங்கே தங்குகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். ஒருவர் காயம் ஆற்றிக்கொள்வார், ஒருவர் பயணத்தைப் பாட்டாக எழுதுவார், ஒருவர் புரவலரைப் பார்க்கப் போவார். வருடத்தின் கடைசியில் வரும் யூல் பண்டிகைக்கு எல்லோரும் சொந்த ஊர் போகிறார்கள், அப்போது நம்பிக்கை முழுசாக நிறையும். வயதும் ஒன்று கூடும்.

அவர்கள் பேசும்போது லோர்மாஸ்டர் எதுவும் சேர்க்க வேண்டாம். பென்சிலும் ரப்பரும் நடுவில் வைத்துவிட்டு, அவர்கள் ஹோப் கட்டத்தில் புது எண்ணை எழுதி முடிக்கும் வரை காத்திருங்கள். அப்புறம் அடுத்த அமர்வுக்குத் தேதி குறித்துக்கொள்ளலாம்.